கேட்டால் சொல்ல ஒரு விலாசம்

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க நின்ற அந்த வெள்ளை மோட்டார்ஹோமின் மூக்கு எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். அதைப் பின்னால் எடுத்து உள்ளே கொண்டுவருவது லேசான காரியமில்லை. ஒரு பக்கம் எலுமிச்சை மரம், இன்னொரு பக்கம் எங்கள் கார், நடுவில் லாரி அளவுக்கு ஒரு வண்டி. அதில் குடியிருந்த அக்காவின் கணவர் ஓட்ட, அக்கா மழையில் நனைந்துகொண்டு கையைக் காட்டி வழி சொல்வார்.

"நேரா உள்ள விட்டுட்டுப் போக வேண்டியதுதானேக்கா, எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அவசரமா வெளிக்கிட வேணும் எண்டால் திருப்பிக்கொண்டு நிக்கேலாது" என்றார்.

பாபடோயிட்டோய் மாதிரி ஒரு சாதுவான புறநகரில் அப்படி யார் துரத்திக்கொண்டு வரப்போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவரை அப்போது எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

அவர் யாழ்ப்பாணம், நான் மதுரை. என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றேன். அவர் என்னை 'நீர்' என்பார். ராஜா வேஷம் போட்டவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள் என்று நினைத்திருந்த எனக்கு, அது அவர் வாயில் அன்பான சொல் என்று புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. அவர் கணவரும் என் வீட்டுக்காரரும் விமான நிலையத்தில் ஒன்றாகப் பெட்டி ஏற்றுகிறவர்கள். பாபகூராவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, பத்து வயது மகள் ஆதிரையோடு அந்த வண்டியிலேயே குடியிருந்தார்கள். குளிர் முடிந்ததும் அதையும் விற்றுவிட்டு ஆஸ்திரேலியா போவது, அங்கே ஒரு கேரவன் வாங்கி நாட்டைச் சுற்றிக்கொண்டே வாழ்வது என்பது திட்டம். குளிருக்கு ஹீட்டர் போட கரண்ட் வேண்டுமே என்று என் வீட்டுக்காரர் எங்கள் முற்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார். எங்கள் கராஜிலிருந்து ஒரு நீள வயர் அவர்கள் வண்டிக்குப் போனது.

வந்த அன்றே, தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டார்.

"ஆரும் வந்து, உந்த பஸ்ஸுக்குள்ள இருக்கிறவை ஆர் எண்டு கேட்டால் நீர் என்ன சொல்லுவீர்?"

"பிரெண்ட்ஸ்னு சொல்வேன்."

"எத்தினை நாளா நிக்கினம் எண்டு கேட்டால்?"

"இப்பத்தான் வந்தாங்கன்னு சொல்லிட்டாப் போச்சு."

"உம்மட மனிசனும் அதைத்தான் சொல்லுவாரோ?"

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். அவர் ரொம்ப விவரமாக, "சொந்தக்காரங்க, ஒரு மாசம் லீவுக்கு வந்திருக்காங்கன்னு சொல்லிடலாம்" என்றார். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. ஒரே வீட்டில் இரண்டு பதில். மறுநாள் காலையில் எங்கள் இரண்டு பேரையும் சமையலறையில் நிற்கவைத்து ஒரே பதிலைச் சொல்லப் பழக்கிய பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

"எல்லாரும் ஒண்டைத்தான் சொல்லவேணும்." இதை அவர் சொல்லாத நாளில்லை. சாப்பிட வா என்று பிள்ளையைக் கூப்பிடுகிற குரலிலேயே இதையும் சொல்வார்.

ஆதிரைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அக்காதான் டீச்சர். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்க இங்கே முறைப்படி அனுமதி வாங்கியிருந்தார். அந்தத் தாளை எனக்கே இரண்டு தடவை காட்டினார். ஆனாலும் பகலில் பிள்ளையை வெளியே விடமாட்டார். மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு, யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் எங்கள் தெருவில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் மோட்டார்ஹோம் கதவு திறக்கும். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக மகளை மூலை டெய்ரிக்குக் கூட்டிப்போவார்; இங்கே மூலைக்கடைக்கு அதுதான் பெயர். பால் வாங்குவதற்குக்கூட நேரம் காலம் பார்த்த மனுஷியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அனுமதிதான் கையில இருக்கேக்கா, அப்புறம் என்ன பயம்?"

"அனுமதி இருக்கு. ஆனால் கேக்கிறவைக்கு அது தெரியாதுதானே."

வழியெல்லாம் ஒத்திகை நடக்கும். பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், யார் படிப்பிக்கிறது. ஆதிரைக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். "ஐ லிவ் இன் அ பஸ்" என்பாள். ஒரு நாள் "எவ்ரிவேர்" என்பாள். எனக்கு அந்தப் பதில்கள் பிடிக்கும். அக்கா அங்கேயே நின்று, "அப்பிடிச் சொல்லக் கூடாது பிள்ளை" என்று திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார். டெய்ரிக்காரர் குஜராத்தி, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு மிட்டாய் கொடுப்பார். அதைத் தவிர அவர் ஆதிரையிடம் எதையும் கேட்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அக்காவை உண்மையாகவே ஆட்டி வைத்தது ஆஸ்திரேலியா. கடலுக்கு இந்தப் பக்கம், இங்கே, நாடு முழுக்க ஒரே சட்டம். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொன்று. ஊரூராகச் சுற்றினாலும் ஒரு மாநிலத்தை உங்கள் மாநிலம் என்று சொல்லி, அங்கே ஒரு விலாசம் காட்டி, அங்கேதான் பிள்ளையின் படிப்பைப் பதிய வேண்டும். வேலைக்கு நான் மத்தியானம்தான் போவேன் என்பதால் காலை முழுக்க என் சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்துவார். அவர் படித்த அளவில், நியூ சவுத் வேல்ஸில் ஆள் வந்து பிள்ளை படிக்கிற இடத்தைப் பார்ப்பார்கள். குயின்ஸ்லாந்தில் வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளை என்ன படித்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விக்டோரியாவில் படிப்புத் திட்டத்தைக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

"அப்ப விக்டோரியாவைப் போட்டுட்டுக் கிளம்புங்கக்கா" என்பேன் நான், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"அவரும் உதைத்தான் சொல்லுறார். ஆனால் அந்த விலாசத்துக்கு ஆரும் வந்து கதவைத் தட்டினால், திறக்கிறவை என்ன சொல்லுவினம்?"

அவருக்குச் சட்டம் ஒரு பொருட்டே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. எந்த மாநிலத்துச் சட்டம் இறுக்கம், எது தளர்வு என்று அவ்வளவையும் படித்துக் கரைத்துக் குடித்துவிட்டு, கடைசியில் அவர் நிறுத்துப் பார்த்ததெல்லாம் கதவைத் திறக்கிற ஆளைத்தான். மெல்பேர்னில் கணவருடைய சித்தப்பா மகள் இருந்தார். பிரிஸ்பேனில் அக்காவோடு படித்த சிநேகிதி இருந்தார். மெல்பேர்ன் நாத்தனாருக்கு, அக்கா வாயில் மச்சாளுக்கு, தினமும் போன் போகும். மாமியாருக்குச் சொல்லி வைத்தீர்களா, பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தீர்களா என்று அங்கேயும் ஒத்திகை. ஒரு நாள் ஸ்பீக்கரில் அந்த மச்சாளின் குரலை நானே கேட்டேன். "ஐயோ மச்சாள், இஞ்ச ஆரும் ஒண்டும் கேக்கமாட்டினம். கேட்டால் வாயில வாறதைச் சொல்லுவம்."

வாயில் வருவதைச் சொல்வோம் என்று அவர் சொன்னதோடு விக்டோரியா போயிற்று. அன்று மத்தியானமே அக்கா குயின்ஸ்லாந்துக்கு மாறிவிட்டார். சிநேகிதி ஏன் எதற்கு என்று கேட்காமல், சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினாராம்.

என் மேல் ஒரு பழியும் உண்டு. ஒரு மழை நாள், ஒரே இடத்தில் அடைந்து கிடக்கிற பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காலையிலேயே லைப்ரரிக்குப் போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்து இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன். ஆதிரை ஒரு அடுக்குப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். அங்கே வேலை செய்கிற பெண் நல்ல மனுஷி. புத்தகங்களைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவ்வளவுதான். ஆதிரை நிமிர்ந்து நின்று, தன் முழுப் பெயர், எங்கள் வீட்டு நம்பர், தெரு, அம்மாதான் டீச்சர், அனுமதி இருக்கிறது, நாங்கள் லீவுக்கு வந்திருக்கிறோம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள். யாரும் விலாசம் கேட்கவில்லை. அந்தப் பெண் ஒரு நொடி திகைத்து, "குட் ஃபார் யூ" என்று ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்.

திரும்பினால் அக்காவைக் காணோம். புத்தகங்களை அப்படியே வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். மோட்டார்ஹோமின் டிரைவர் சீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கராஜிலிருந்து வரும் வயரைக்கூடப் பிடுங்கிப் போட்டிருந்தார். நான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது, இவர் மனசுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

"லீவுக்கு வந்தனாங்கள் எண்டு சொல்லிப்போட்டாள். அது உம்மட மனிசன் சொன்னது. நான் சொல்லிக் குடுத்தது வேற."

"அந்தம்மா ஸ்டிக்கர்தான் குடுத்தாங்கக்கா."

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணாடியில் ஓடுகிற மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு அப்ப பதினாலு வயசு. அண்ணாவும் நானும் கொழும்பில ஒரு லொட்ஜில நிண்டனாங்கள். சோதனைக்கு வந்தவங்கள் எங்களை வேற வேறயா வைச்சுக் கேட்டவங்கள், எங்க இருக்கிறனீங்கள் எண்டு. அண்ணா ஊர் விலாசத்தைச் சொல்லிப்போட்டான். நான் கொழும்பு மாமி வீட்டு விலாசத்தைச் சொன்னனான். வெளிக்கிடேக்க அம்மா அதைத்தான் சொல்லச் சொன்னவ. ரெண்டு பேர் ரெண்டு சொன்னால் என்ன நினைப்பாங்கள்? அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள்."

பிறகு மெதுவாக, "வந்தாரா?" என்று கேட்டேன்.

"வந்தவன். கனகாலம் கழிச்சு. இப்ப இஞ்சதான், ரானுயியில இருக்கிறான். நான் அதைப்பற்றி ஒரு நாளும் அவனோட கதைச்சதில்லை. அவனும் கதைச்சதில்லை."

அதற்குப் பிறகு நான் அவரைக் கிண்டல் செய்வதை விட்டேன். இந்த மனுஷி எந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதில் போய் எப்படி நிம்மதியாக இருக்கப்போகிறார் என்று கவலையாக இருந்தது.

நாள் நெருங்கியது. வண்டியை வாங்க ஓய்வுபெற்ற ஒரு தம்பதி வந்து பார்த்துப் பிடித்துப்போய், சனிக்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். கணவர் வேலையை விட்டாயிற்று. டிக்கெட் போட்டாயிற்று. அந்த வாரத்தில் ஒரு நாள் எல்லாரையும் எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டேன். சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர், அவருக்கு நேரம் தெரியாது, "கடைசியா எந்த ஸ்டேட் முடிவு பண்ணீங்க?" என்று கேட்டார்.

"விக்டோரியா" என்றார் கணவர்.

"குயின்ஸ்லாந்து" என்றார் அக்கா.

ஆதிரை வாயில் சோற்றோடு, தன் பழைய பாபகூரா சிநேகிதிகளிடம் போனில் டாஸ்மேனியா என்று சொல்லிவிட்டதாகவும், அங்கேதான் டாஸ்மேனியன் டெவில் என்கிற கறுப்புப் பிராணி இருக்கிறது என்றும் இங்கிலீஷில் சொன்னாள்.

கணவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார்.

"நாங்கள் போகேல்லை" என்றார்.

"இஞ்சேரும், என்ன கதைக்கிறீர்? வேலையை விட்டிட்டன்."

"ஒரு வீட்டுக்குள்ள மூண்டு பேர் மூண்டு இடம் சொல்லுறம். பிள்ளையை எங்களிட்ட இருந்து எடுத்துப்போட்டால் என்ன செய்வீங்கள்?"

அதுதான் அவர் அடிவயிற்றில் இருந்த பயம். மாதக்கணக்காக மாநிலம் மாநிலமாகப் பேசியவர், இதை மட்டும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆதிரை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ரானுயியிலிருந்து தமையன் வந்தார். கணவர்தான் போன் போட்டிருக்க வேண்டும். ஒரு டப்பா நிறைய மீன் ரோல்ஸோடு வந்த அந்த மனிதர், மெலிந்து, தலை நரைத்து, எதற்கும் லேசாகச் சிரிக்கிறவராக இருந்தார். சமையலறையில் தங்கைக்கு எதிரே உட்கார்ந்தார். நான் தேநீர் போடுகிற சாக்கில் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"உது இன்னும் உன்ர மண்டைக்குள்ள கிடக்கே?" என்றார்.

அக்கா மேசைத் துணியின் ஓரத்தை மடித்தார்.

"நீ அண்டைக்கு எந்த விலாசத்தைச் சொல்லியிருந்தாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போயிருப்பாங்கள். பக்கத்து அறைப் பெடியனையும்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள். அவன் தனிய வந்தவன். அவனுக்குத் தங்கச்சியே இல்லை."

கெட்டில் கொதித்து நின்றது. அக்கா நிமிர்ந்து கேட்டார்.

"அந்தப் பெடியன் திரும்பி வந்தவனே?"

தமையன் டப்பாவைத் திறந்து ஒரு ரோலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு" என்றார். அக்கா ரோலைக் கையில் எடுத்து, சாப்பிடாமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் அன்று சாயங்காலமே, "விக்டோரியாவாவே இருக்கட்டும்" என்று கணவரிடம் சொல்லிவிட்டார். மெல்பேர்ன் மச்சாள் வீட்டு விலாசம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தமையனுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். மூன்று பேரும் நல்ல பிள்ளைகளாகத் திருப்பிச் சொன்னோம். ஆதிரையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

சனிக்கிழமை வண்டி போயிற்று. வாங்கியவர் அதை ஓட்டிக்கொண்டு போகும்போது அக்கா வாசலில் நின்று, தெரு முனை திரும்பும் வரை பார்த்தார். மூக்கைத் திருப்ப வேண்டிய வேலை இல்லாமல் அது நேராக வெளியே போனது. அடுத்த நாள் அவர்களை வழியனுப்ப விமான நிலையத்துக்கு நாங்களும் தமையனும் போனோம். வரிசையில் நிற்கும்போதே அக்காவின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். மச்சாள் வீட்டு நம்பரும் தெருவும்தான் அது, எனக்கே மனப்பாடம்.

கவுன்டரில் இருந்த பெண் பெட்டிகளுக்கு டேக் ஒட்டிக்கொண்டே ஆதிரையைப் பார்த்து, உன் வீடு எங்கே கண்ணு என்று பேச்சுக்குக் கேட்டார். கணவர் டிக்கெட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தமையன் சிரிப்பை மறந்திருந்தார். ஆதிரை அம்மாவின் வாயைப் பார்த்தாள். அக்கா அவளுக்கு அடி எடுத்துக் கொடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் உதடுகள் நின்றுவிட்டன. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாபடோயிட்டோய்" என்றாள் ஆதிரை.

"ஓ, என் பாட்டி அங்கேதான் இருந்தாங்க" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த பெட்டிக்கு டேக் ஒட்டினார். பெட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே நகர்ந்தன. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

உள்ளே போவதற்கு முன் அக்கா என்னிடம் வந்தார். திட்டப்போகிறாரா அழப்போகிறாரா என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்தார்.

"ஆதிரை உங்கட வீட்டைச் சொல்லிப்போட்டாள்."

"சின்னப்புள்ள, விடுங்கக்கா. யாரும் கண்டுக்கல."

"இல்லை. அவள் சொல்லிப்போட்டாள்தானே. அப்ப எல்லாரும் அதையே சொல்லுவம். ஆரும் கேட்டால் நீரும் அதையே சொல்லும், என்ன?"

சரி என்றேன். தன் கணவரிடமும் என் வீட்டுக்காரரிடமும் தமையனிடமும் ஒவ்வொருவராகப் போய் அதையே சொல்லிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

விக்டோரியாவில் பதிந்தாயிற்று என்று பிறகு ஒரு செய்தி வந்தது. அடுத்தடுத்து ஒவ்வொரு ஊரிலிருந்தும் படங்கள் வந்தன. எல்லாப் படத்திலும் கேரவனைக் கட்டிய வண்டி தெருவைப் பார்த்தபடி நின்றது. போகப்போகப் படங்கள் குறைந்தன. இப்போது வருவதில்லை. ஆதிரை பெரிய பெண்ணாகியிருப்பாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் கதவை யாரோ தட்டினார்கள். கூரியர்காரன்தான், பக்கத்து வீட்டுப் பார்சல். அவனை அனுப்பிவிட்டு வந்த பிறகும் தாழ்ப்பாளை இரண்டு தடவை சரிபார்த்தேன். சோபாவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம், "ஏங்க, யாராவது வந்து அக்கா குடும்பம் எங்க இருக்குன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன்.

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இங்கதான் இருக்காங்க, கொஞ்சம் வெளிய போயிருக்காங்கன்னு சொல்வேன்" என்றார்.

நான் சொல்ல வைத்திருந்ததும் அதுதான்.